அந்தப் பாதை யாருடையது? வாசகர் கேள்வி, சட்டப் பதில்

கேள்வி: 30 வருடமாகப் பக்கத்து நிலத்தின் ஓரமாகத்தான் எங்கள் வயலுக்கு டிராக்டர் போய்வருகிறது. அந்த நிலத்தைப் புதிதாக வாங்கியவர் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டுவிட்டார். போலீஸில் ‘இது சிவில் விவகாரம்’ என்கிறார்கள். இத்தனை வருட அனுபவம் போதாதா? (வாசகர், மணப்பாறை)

பதில்: வருடக் கணக்கு மட்டும் போதாது. முதலில் பத்திரங்களை எடுத்துப் படியுங்கள். உங்கள் கிரயப் பத்திரத்திலோ தாய்ப்பத்திரத்திலோ, பக்கத்து நிலத்தின் பழைய பத்திரத்திலோ ‘வண்டிப்பாதை பாத்தியம்’ (வண்டி போய்வரும் உரிமை) என்று ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது எழுதிக் கொடுத்த உரிமை. நாளைக்கு வேறு பாதை வந்தாலும் அழியாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

அப்படி ஒரு வரி இல்லை, ஆனால் இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துச் சொத்தாக இருந்து பாகமானவை என்றால், அடுத்தவர் நிலத்தின் மீதான வழி போன்ற உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கைகொடுக்கும். வேறு வழியே இல்லாத நிலத்துக்கான உரிமை இது. மாற்றுப் பாதை கிடைத்த அன்றே போய்விடும்.

இரண்டும் இல்லையென்றால்தான் அனுபவ பாத்தியம் (பல ஆண்டு பயன்படுத்தியதால் வரும் உரிமை), அதாவது அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு. 20 ஆண்டுகள் (அரசு நிலமானால் 30) வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாகப் போய்வந்திருக்க வேண்டும். அந்த 20 ஆண்டும் வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் வந்து முடிய வேண்டும். அதனால் வேலி போட்ட தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘பேசித் தீர்க்கலாம்’ என்று மூன்று வருடம் இழுத்தால் 30 வருட அனுபவமும் வீண்.

இந்த வகை வழக்குகள் பெரும்பாலும் குறுக்கு விசாரணையில்தான் சாய்கின்றன. ‘பழைய உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டுதானே போனீர்கள்?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் சாதாரணமாகக் கேட்பார். ‘ஆமாங்க, அவர் நல்ல மனுஷன்’ என்று சொல்லிவிட்டால் அது அனுமதி ஆகிவிடும், உரிமை ஆகாது. இன்னொரு கோளாறு, ஒரே பிராதில் (கோர்ட்டில் கொடுக்கும் வழக்கு மனுவில்) ‘பாதை எனக்கே சொந்தம்’ என்றும் ‘அடுத்தவர் நிலத்தில் எனக்கு வழி பாத்தியம்’ என்றும் எழுதுவது. சொந்த நிலத்தில் யாருக்கும் வழி பாத்தியம் வேண்டியதில்லை. ஒன்று மற்றொன்றை வெட்டிவிடும். அதேபோல், நடைபாதை உரிமைக்குள் வண்டிப்பாதை உரிமை தானாக அடங்காது. டிராக்டர் போனதைப் பார்த்த சாட்சி தனியாக வேண்டும்.

வேலி ஏற்கெனவே நிற்பதால் ‘தடுக்கக் கூடாது’ என்ற உறுத்துக்கட்டளை (கோர்ட் தடை உத்தரவு) மட்டும் கேட்டுப் பயனில்லை. உரிமை உங்களுக்கு உண்டு என்று கோர்ட்டை விளம்பச் (அறிவிக்கச்) சொல்வது, நிரந்தர உறுத்துக்கட்டளை, வேலியை அகற்றச் சொல்லும் செயலுறுத்துக்கட்டளை மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். சொத்து விவரத்தில் பாதையின் சர்வே எண், நீளம், அகலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அடிக்கணக்கில் வர வேண்டும். வரைபடத்தில் பாதையைச் சிவப்பு மையில் காட்டி எழுத்திட்டு இணையுங்கள். அகலம் சொல்லாத பிராதில் தீர்ப்பு வாங்கினாலும் நிறைவேற்றும்போது சண்டை மறுபடி தொடங்கும். வழக்குப் போடும் அன்றே, சர்வேயர் உதவியோடு இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை தர வக்கீல் கமிஷனரை (கோர்ட் அனுப்பும் வக்கீலை) கேட்டு மனுவும் போட்டுவிடுங்கள். பாதைக்குச் சாட்சியான சக்கரத் தடம் ஒரு உழவில் அழிந்துவிடும். கோபத்தில் வேலியைப் பிடுங்கப் போனால் கிரிமினல் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

கேள்வி: எங்கள் தெருமுனையில் ஒருவர் பொதுப்பாதையில் படிக்கட்டும் ஷெட்டும் கட்டியிருக்கிறார். ஆம்புலன்ஸ்கூட நுழையவில்லை. யாரிடம் மனு கொடுப்பது? (வாசகி, சீர்காழி)

பதில்: பாதை யாருடையது என்று தெரியாமல் கொடுக்கும் மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும். ‘அ’ பதிவேட்டு (கிராம நிலப் பதிவேடு) நகலும் புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வாங்குங்கள். பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் தாசில்தார். அவர் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து 6ஆம் பிரிவில் அகற்ற வேண்டும். மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறைக்கு 2001ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

அவசரம் என்றால் கோட்டாட்சியரிடம் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவில் மனு செய்யலாம் (பழைய சட்டத்தில் 133). ஒரு எச்சரிக்கை: எதிராளி ‘இது பொதுப்பாதையே இல்லை’ என்று நம்பத்தக்க ஆதாரம் காட்டினால், சிவில் கோர்ட் முடிவு சொல்லும்வரை அந்த நடவடிக்கை நின்றுவிடும். அதனால் பதிவேட்டு நகலை முதல் மனுவோடே இணைத்துவிடுங்கள். பிறகும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் (அதிகாரிகள் கடமையைச் செய்யக் கட்டளையிடக் கேட்கும் மனு). முன்பு கொடுத்த மனுவும் ஒப்புகைச் சீட்டும் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் பட்டா நிலத்தில் பஞ்சாயத்து தார்ச்சாலை போட்டு 15 வருடம் ஆகிறது. இழப்பீடு தரவில்லை. இனிமேல் கேட்க முடியுமா? (வாசகர், தாராபுரம்)

பதில்: கேட்கலாம். இமாசலப் பிரதேசத்தில் 1967-68இல் சாலைக்காக எடுத்த நிலத்துக்கு 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வாங்கிக் கொடுத்தது. பல வருடம் வைத்திருந்தோம், அதனால் எங்களுடையது என்று குடிமகனிடம் அரசு வாதாட முடியாது என்றும் சொன்னது. ஆனால் உங்கள் அப்பா காலத்தில் தானப் பத்திரமோ சம்மதக் கடிதமோ கொடுக்கப்பட்டதா என்று ஒன்றிய அலுவலகக் கோப்பிலும் வில்லங்கச் சான்றிலும் தேடிப் பாருங்கள். வழக்கின் தலையெழுத்து அந்த ஒரு தாளில் இருக்கலாம். அளந்து, சாலையில் போன பரப்பைக் குறித்து ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள். பதில் இல்லையென்றால் ரிட். சாலையை மறித்து முள் வெட்டிப் போடும் வேலை மட்டும் வேண்டாம், ஊரே எதிர்த்தரப்பாகிவிடும்.

கேள்வி: மனை வாங்குகிறேன். முன்னால் 23 அடி ரோடு. வேறென்ன பார்க்க வேண்டும்? (வாசகி, செங்கல்பட்டு)

பதில்: அந்த ரோடு உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். பத்திர எண்ணைக் கேட்டு நகல் வாங்குங்கள். உங்கள் மனைக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு அடி கீற்று யார் பெயரிலாவது நிற்கிறதா என்று அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் புலப்படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பொதுச்சாலையை ஒட்டிய நிலத்துக்காரர் எந்த இடத்திலிருந்தும் சாலையில் இறங்கலாம். அந்தக் கீற்று இருந்தால் நீங்கள் ஒட்டியவரே இல்லை.