உனக்கு முன்பே சென்னைக்குப் போனவர்கள்

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. பொறியியல் மூன்றாம் ஆண்டு முடித்துவிட்டு, இரண்டு மாத இன்டர்ன்ஷிப் பயிற்சிக்காகச் சென்னைக்கு வந்திருக்கிறேன். அலுவலகம் கிண்டியில், விடுதி வேளச்சேரியில். போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் உடன் வேலை பார்ப்பவர்களோடு ஊர் சுற்றினேன். மெரினா, சாந்தோம், கபாலீஸ்வரர் கோயில், தியாகராய நகர், ஒரு பெரிய மால், மறுநாள் மாமல்லபுரம். போனில் முந்நூறு படங்கள் இருக்கின்றன. ஞாயிறு இரவு அம்மா கூப்பிட்டு, என்னவெல்லாம் பார்த்தாய் என்று கேட்டாள். ஒன்றும் சொல்ல வரவில்லை, அழுகைதான் வந்தது. இந்த ஊர் எனக்கு ஒட்டாதோ என்று பயமாக இருக்கிறது. இன்னும் ஆறு சனி, ஞாயிறுகள் இருக்கின்றன. எங்கே போகட்டும், ஐயா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் வெளியிடவில்லை.)

அன்புள்ள மகளுக்கு,

அழுததற்காக வருத்தப்படாதே. இரண்டு நாளில் ஆறு இடம் ஓடினால் யாருக்கும் கால்வலிதான் மிஞ்சும். அம்மாவிடம் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது உன் குறையே அல்ல. எந்த இடத்திலும் நீ நிற்கவில்லை, அவ்வளவுதான்.

1986-ல் நானும் இப்படி இரண்டு மாதப் பயிற்சிக்குச் சென்னை போனேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஓர் அறைக்கு நான்கு பேர். விடிந்ததும் ஆற்றில் முங்கி எழுந்து பழகிய உடம்புக்கு, ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நிற்பது பெரிய துக்கமாக இருந்தது. இரண்டாவது சனிக்கிழமை வெயில் தாங்காமல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்துக்குள் நுழைந்தேன். மரநிழல் தெரிந்தது, வேறு காரணம் இல்லை. என் பேச்சைக் கேட்ட காவலர் ஒருவர் எந்த ஊர் என்று விசாரித்தார். திருநெல்வேலி என்றேன். "அப்படியானால் உங்கள் ஊர்ச் சாமான் உள்ளே இருக்கிறது, வாருங்கள்" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போய் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிறுத்தினார்.

ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள். திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் எத்தனையோ தடவை அந்தப் பறம்பை, பழங்காலப் புதைமேட்டை, கடந்து போயிருக்கிறேன், ஒரு தடவைகூட ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்ததில்லை. அறுநூறு கிலோமீட்டர்களுக்கு மேல் தள்ளி வந்து, அங்கேதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

கைக்கு அடக்கமான வெண்கல எருமை ஒன்று. நீண்ட கொம்பு. தலையைச் சற்றே தூக்கி, வாய்க்காலிலிருந்து ஏறி வந்து யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியது போன்ற ஒரு நிற்பு. சேவலும் இருந்தது, பறவை உட்கார்ந்த மூடிகளும் இருந்தன. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது எருமைதான். எங்கள் வீட்டுத் தொழுவத்தில் நின்ற எருமைக்கும் அதே நிற்பு.

1899 முதல் 1905 வரை தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டினார். மண்ணுக்குள்ளே வரிசை வரிசையாக முதுமக்கள் தாழிகள். தாழிக்குள் வைத்த பானைகளில் நெல் உமியும் தினை உமியும் கிடந்ததாக எழுதியிருக்கிறார். நெற்றியில் கட்டும் மெல்லிய பொன் பட்டங்களும் கிடைத்தன. இரும்பு ஆயுதங்கள் எல்லாம் முனை கீழே பார்க்க நின்றனவாம், வழியனுப்ப வந்தவர்கள் ஆளுக்கொன்றாக மண்ணில் குத்திவிட்டுப் போனது போல. இந்த ஒரு விவரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. பெயர் தெரியாத ஒருவருக்காக அத்தனை பேர் தாமிரபரணிக் கரையில் நின்றிருக்கிறார்கள்.

ரீக்கு முன்பே, 1876-ல், ஜாகோர் என்கிற ஜெர்மானியர் ஒரு பகுதியைத் தோண்டி பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். ஆற்றங்கரைப் பொருள் ஆற்றங்கரைக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் என் கட்சி. இப்போது பறம்பிலேயே தோண்டிய குழிகளைக் கண்ணாடி வழியாகப் பார்க்க வசதி செய்திருக்கிறார்கள். அது பெரிய ஆறுதல். ஆனால் பழைய சேகரிப்பு நீ இருக்கிற ஊரில் இருக்கிறது. கிண்டியில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். வெள்ளிக்கிழமை விடுமுறை, சனிக்கிழமை காலையிலேயே போய்விடு. தனியாகப் போ, போனைப் பையில் வை. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். வரையத் தெரியாவிட்டாலும் வரை, வரைந்தால்தான் கண் நிற்கும். களைத்துப்போனால் அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1896-ல் திறந்தது. உள்ளே போய் உட்கார்ந்துகொள்.

அடுத்த வாரம் உன் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. கிண்டியிலிருந்து அடையாறு போகிற சர்தார் படேல் சாலையில் காந்தி மண்டபம். அங்கே ஒரு கல் செக்கு வைத்திருக்கிறார்கள். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு. ஒட்டப்பிடாரத்துப் பிள்ளை, 1906-ல் வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் கம்பெனி தொடங்கிய வக்கீல், மாடு இழுக்க வேண்டியதை இழுத்தார். 1908 மார்ச் 12-ல் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் நம் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்து மதிப்பெண் வாங்கியிருப்பாய். அந்தக் கல்லின் பருமனைக் கண்ணால் பார்ப்பது வேறு. வெயில் ஏறுவதற்குள் போய், சுற்றி ஒரு தடவை மெதுவாக நடந்து பார்.

மூன்றாவது, திருவல்லிக்கேணி. வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில் நேராக அங்கே போகிறது. பார்த்தசாரதி கோயிலை ஒட்டிய துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதி கடைசியாக இருந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. பாரதியின் மனைவி செல்லம்மா கடையத்துப் பெண் என்பது உனக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? ஆழ்வார்குறிச்சியில் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் கீழக்கடையம். புதுச்சேரியை விட்டு வந்த பாரதி 1918-லிருந்து இரண்டு ஆண்டு போலக் கடையத்தில் இருந்துவிட்டுத்தான் சென்னைக்குப் போனார். 1921 செப்டம்பரில் அந்தத் திருவல்லிக்கேணி வீட்டில் காலமானார். அங்கே போகிறவர்கள் எல்லாரும் பாரதியை நினைப்பார்கள். நீ செல்லம்மாவையும் நினைத்துக்கொள். உன் பக்கத்து ஊரிலிருந்து போய் அந்தப் பெருநகரத்தில் குடும்பம் நடத்தியவர் அவர்.

மீதி மூன்று வாரங்களுக்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அதற்குள் வழி உனக்கே தெரிந்துவிடும். மெரினாவுக்கும் மறுபடி போவாய். இந்தத் தடவை ஒரு மணி நேரமாவது உட்கார். தோழிகள் கூப்பிட்டால் மறுக்காதே, ஞாயிற்றுக்கிழமையை அவர்களுக்குக் கொடு. சனிக்கிழமையை மட்டும் உனக்கென்று வைத்துக்கொள்.

பயிற்சி முடிந்து ஊருக்கு வந்ததும் எழுது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்தால், காலை பஸ்ஸிலேயே நாம் ஆதிச்சநல்லூர் போய் வரலாம். பறம்பில் நிழல் கிடையாது, குடை எடுத்துக்கொள். நோட்டையும் மறக்காமல் கொண்டு வா. அந்த எருமையின் கொம்பு எப்படி வளைந்திருந்தது என்பது என் நினைவில் மங்கிவிட்டது. நீ வரைந்ததைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.