காட்டுத் தீயைத் தடுக்க ஊர்க் குழுக்களுக்குப் பணம் கொடுப்பது வீண் செலவா?

வீண் செலவு இல்லை. ஆனால் பங்குனியில் கொடுத்தால் வீண்தான்.

ஏதோ ஒரு ஊர்க் குழுவின் கணக்கு வழக்கைப் பார்த்து நொந்துபோய் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படியொரு குழுவில் ஆறு வருஷம் இருந்தவன்.

போடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் இலவந்தோப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு. 1997-ல் ஜப்பான் கடனுதவியில் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தபோது பல ஊர்களில் கிராம வனக்குழு அமைத்தார்கள், எங்கள் ஊரிலும்தான். தலைவரும் வனவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும். நாற்று, தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை என்று வேலை நடந்தது. தீத்தடுப்புக் கோடும் வருஷா வருஷம் போட்டோம். திட்டம் முடிந்ததும் பணம் நின்றது. குழு பேருக்கு இருந்தது.

தீத்தடுப்புக் கோடு என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காட்டோரமாகப் புல்லையும் சருகையும் வெட்டிக் கூட்டி, காலை ஈரத்தில் ஆள் நின்று எரித்து, மண் தெரிய வைப்பது. ஆனால் அதற்கு ஒரு பருவம் உண்டு. புல் பச்சையாக இருக்கும்போது வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு எரித்தால் கையை மீறிவிடும். தை மாசம்தான் சரி. மாசியில் இலை உதிர்ந்ததும் ஒரு தடவை கூட்டிவிட வேண்டும்.

பல வருஷம் கழித்து ஒருமுறை மறுபடி பணம் தருவதாகச் சொன்னார்கள். தை போச்சு, மாசி போச்சு. மார்ச் 24-ந் தேதி கணக்கில் ஏறியது, 31-க்குள் செலவுக் கணக்கு காட்டச் சொன்னார்கள். தீ அதற்கு ஒன்பது நாள் முன்னாலேயே வந்துவிட்டது.

மேலே சரிவில் சாயங்காலம் புகை தெரிந்தது. தீ ஏறுமுகமாகத்தான் வேகமாக ஓடும், நம் பக்கம் இறங்காது என்று நினைத்தோம். இருட்டியதும் மலைக்காற்று கீழ் நோக்கித் திரும்பியது. பதினாலு பேர் போய் புங்கந்தழையை ஒடித்து அடித்தோம். ஓரளவு அடங்கியும் விட்டது. அப்புறம் மேலேயிருந்து ஒரு கொள்ளிக்கட்டை உருண்டு வந்தது. கோடு போட்டிருந்தால் வெறும் மண்ணில் கிடந்து அணைந்திருக்கும். அது புல்லைப் பற்ற வைத்துக்கொண்டே வேலிக்குள் போனது. பங்குனியில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு வெளியே தொங்கும். ஒரு காயில் பற்றினால் அந்தப் பஞ்சு நெருப்போடு பறந்து அடுத்த மரத்தில் போய் உட்காரும். முப்பத்தொரு மரம் போனது, எல்லாம் என் அப்பா வைத்தவை.

இதைச் சொன்னால் வனத்துறையைக் குறை சொல்கிறேன் என்று கிளம்புவார்கள். எங்கள் வனவர் அன்று விடியும்வரை எங்களோடு நின்று தழையால் அடித்தவர். குழுக்காரர்கள் காசைத் தின்றுவிடுவார்கள் என்று எழுதப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன், எங்கள் வரவு செலவைக் கிராம சபையில் வாய்விட்டுப் படித்தோம். தின்கிற குழு இருக்கலாம். அதற்காக எல்லாக் குழுவையும் மூட வேண்டுமா?

தீயே கூடாது என்பவனும் இல்லை நான். கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடிகள் முன்பெல்லாம் வருஷத் தொடக்கத்திலேயே சருகு மட்டும் எரிகிற மாதிரி சின்னத் தீ வைப்பார்கள். அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி, அதாவது லந்தானாப் புதர், மண்டியது என்பது அவர்கள் பேச்சு. உண்ணி மண்டிய இடத்தில் பிடித்தால் தீ ஆள் உயரத்துக்கு எழும். வருஷா வருஷம் உண்ணியை வேரோடு பிடுங்கவும் கூலி வேண்டும்.

பணமே இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுக்கும்போது ஈடாக வசூலிக்கும் தொகையில் 90 சதவீதம் மாநிலங்களுக்கு என்று 2016 சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்கான 2018 விதிகளில் தீத்தடுப்பும் அனுமதித்த வேலைதான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை லட்சங்களைக் கொட்ட வேண்டாம். கூலிக்கு ஆகிற சின்னத் தொகையை மார்கழி முடிவதற்குள் வருஷம் தவறாமல் கொடுத்தால் போதும்.

2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணியில் தீ பிடித்து மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்களே, அன்று முதலில் மேலே ஓடியதும் டோலி கட்டித் தூக்கி வந்ததும் யார்? அந்த ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும். ஹெலிகாப்டர் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. தீக்கு முதலில் போய் நிற்பவனுக்கு நல்ல செருப்பும் அரிவாளும் ஒரு நாள் கூலியும் கொடுப்பதைச் செலவு என்று எப்படிச் சொல்வது?

   

உங்கள் ஊர்க் குழுவில் யாரையாவது தெரிந்தால், எவ்வளவு வந்தது என்று கேட்காதீர்கள். பாஸ்புக்கை வாங்கி எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். இந்த வருஷம் எங்களுக்கு இதுவரை எதுவும் வரவில்லை. தோப்புக்காரர்கள் ஆளுக்கு ஐந்நூறு போட்டு, பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் நாங்களே கோடு போட ஆரம்பித்துவிட்டோம். ஓடை வரைக்கும் முடிந்திருக்கிறது.