வெட்டிவேர் நட்டும் சேறு இறங்குகிறதா?

மூன்றாவது வரிசை நடாதீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பின்னால் உள்ள செம்பனை (எண்ணெய்ப் பனை) சரிவில் இரண்டு வரிசை வெட்டிவேர் நட்டும் லோங்காங் (வடிகால்) சேற்றால் அடைபடுகிறது, மூன்றாவது வரிசை நடலாமா என்றீர்கள். வரிசைகள் மட்டமாக இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். வரிசை சாய்ந்திருந்தால் தண்ணீர் அதை ஒட்டியே ஓடி, தாழ்ந்த முனையில் சேர்ந்து மண்ணை அரித்துக்கொண்டு இறங்கும். அந்த முனையில் வேர் வெளியே தெரியும், கீழே விசிறி மாதிரி மணல் படிந்திருக்கும்.

தெளிவான பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரே உயரக் கம்பு இரண்டில் கட்டிப் பிடித்தால் மட்டம் தெரிந்துவிடும். சாய்ந்த பகுதியைப் பிடுங்கி மட்டமாக நடுங்கள். தூருக்குத் தூர் 10 முதல் 15 செ.மீ. தான். 30 செ.மீ. விட்டால் அது வேலி இல்லை, அழகுச் செடி! வெட்டிய செம்பனை மட்டைகளையும் சரிவுக்குக் குறுக்கே அடுக்குங்கள்.

அடுத்த மழையில் இரண்டு பாட்டில் தண்ணீர் பிடியுங்கள்: நிலத்தின் மேல் எல்லையில் ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி கலங்கியிருந்தால் சேறு மேலிருந்து வருகிறது. அங்கே காட்டு மரம் இழுக்கும் பாதை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வெட்டிவேர் மட்டும் போதாது. படம், தேதி, இடத்தோடு மாநில வனத்துறைக்கு எழுதுங்கள்.

அந்த மரம் வெட்டுதலில் லஞ்சம் என்று சந்தேகமா? எஸ்பிஆர்எம்மிடம் (மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம்) சொல்லுங்கள், முகநூலில் போடாதீர்கள். 2010ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்கத் துறையிடம் சொல்பவருக்குத்தான்.

சரிவு 25 பாகைக்கு மேல் என்றால் அங்கே செம்பனை மறுநடவே வேண்டாம்.