ஒரே மதிப்பு ஒரு முறைதான்: பைத்தான் டிக்ஷனரி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். பைத்தான் நிரல்மொழியின் டிக்ஷனரி, கீ என்ற பெயருக்கு எதிரே வேல்யூ என்ற மதிப்பை வைத்து ஜோடியாகச் சேமிப்பது. அதற்குள் திரும்பத் திரும்ப வரும் மதிப்புகளை ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் எடுப்பது எப்படி? கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துதான். கேள்வியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்; எல்லாம் தென்னாப்பிரிக்காவில்.

காவடிக்குப் பதிவு செய்தவரின் பெயர் கீ, வசிக்கும் பகுதி வேல்யூ. பகுதிகளை மட்டும் எடுக்க வேல்யூஸை செட்டுக்குள் போட்டேன். ஓட்டும் ஒவ்வொரு முறையும் வரிசை மாறுகிறது. (சாட்ஸ்வொர்த்)

செட் என்பது ஒரே மதிப்பை ஒரு முறை மட்டும் வைத்துக்கொள்ளும் தொகுப்பு; அது வரிசையைக் காப்பதாக வாக்குக் கொடுப்பதே இல்லை. அதோடு, பைத்தான் 3.3 முதல் எழுத்துச் சரங்களின் ஹேஷ் எண் (மதிப்பை எங்கே வைப்பது என்று செட் பார்க்கும் எண்) நிரலைத் தொடங்கும்போதெல்லாம் மாறும்; பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. நேற்று முதலில் வந்த ஃபீனிக்ஸ் பகுதி இன்று கடைசியில் வரலாம். வந்த வரிசையே வேண்டுமென்றால் வேல்யூஸை டிக்ட் டாட் ஃப்ரம்கீஸ் வழியாகச் செலுத்தி, கிடைப்பதை லிஸ்ட் ஆக்குங்கள். டிக்ஷனரியில் ஒரு கீ ஒரு முறைதான் இருக்கும்; 3.7 முதல் டிக்ஷனரி சேர்த்த வரிசையைக் காக்கும் என்பது மொழியின் விதி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெயரைக் கீயாக வைக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டாவது ஆள் பதிவு செய்தால் முதல் ஆளின் பகுதி சத்தமில்லாமல் அழிந்துவிடும். பதிவு எண்ணைக் கீயாக்குங்கள்.

மாணவர் பெயருக்கு எதிரே அவர் படிக்கும் வகுப்புகளின் லிஸ்ட் இருக்கிறது: தேவாரம், வீணை, பரதம் என்று. செட் போட்டால் "அன்ஹேஷபிள் டைப்" என்று பிழை. (டோங்காட்)

லிஸ்ட்டை இடையில் மாற்ற முடியும் என்பதால் அதற்கு ஹேஷ் கிடையாது, செட் ஏற்காது. காலி செட் ஒன்றை வைத்துக்கொண்டு, வேல்யூஸ் மேல் ஃபார் சுற்று ஓட்டி, ஒவ்வொரு லிஸ்ட்டையும் அப்டேட் கட்டளையால் அந்தச் செட்டில் சேருங்கள். ஆட் என்று எழுதினால் அதே பிழைதான் வரும். எந்தெந்தக் கூட்டணியில் வகுப்புகளை எடுக்கிறார்கள் என்பதே கேள்வி என்றால் ஒவ்வொரு லிஸ்ட்டையும் ஃப்ரோஸன்செட் (மாற்ற முடியாத செட்) ஆக்கிப் போடுங்கள். டியூப்பிள் (வரிசையுள்ள, மாற்ற முடியாத தொகுப்பு) ஆக்கினால் "வீணை, பரதம்" வேறு, "பரதம், வீணை" வேறு என்று எண்ணிவிடும்.

கப்பல் பட்டியல்களிலிருந்து முன்னோர்களின் காலனி எண்ணையும் (ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் கொடுத்த பதிவு எண்) சொந்த மாவட்டத்தையும் டிக்ஷனரியில் ஏற்றினேன். தனித்த மாவட்டங்கள் நம்ப முடியாத அளவுக்கு வருகின்றன. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் வந்த ட்ரூரோ என்ற கப்பல் தொடங்கி 1911 வரை வந்த கப்பல்களின் பட்டியல்கள் அவை. அரை நூற்றாண்டாகப் பல எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவை. ஆற்காடு ஓரிடத்தில் ஒரு டி, வேறிடத்தில் இரண்டு டி. பைத்தானுக்கு ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஊர்.

முதலில் ஸ்ட்ரிப் போட்டு ஓர இடைவெளிகளை வெட்டி, கேஸ்ஃபோல்டால் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டை நீக்குங்கள். பட்டியல் கணிசமாகச் சுருங்கும். மிச்சத்துக்குக் குறுக்குவழி இல்லை: எழுத்துவகை கீ, நீங்கள் ஏற்கும் பெயர் வேல்யூ என்று இன்னொரு டிக்ஷனரியைக் கையால் எழுத வேண்டும். கெட் கட்டளையில் இரண்டாவது மதிப்பாக அசல் சொல்லையே கொடுத்தால், அதில் இல்லாத ஊர் அப்படியே தங்கும்.

மூலப் பதிவின் மேல் திருத்தி எழுதாதீர்கள். திருத்திய பெயருக்குத் தனி இடம் வையுங்கள். எழுத்தர் எப்படி எழுதினார் என்பதே சில சமயம் துப்பு. குடும்பப் பெயர்களில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து. மூட்லி, மூடலி இரண்டும் ஒரே வீடா என்று நிரலால் சொல்ல முடியாது. அதற்கு உங்கள் பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

தமிழில் தட்டிய பெயர்களில் "பொன்னி" இரண்டு முறை வருகிறது. இடைவெளி எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன். (லெனேசியா)

இரண்டின் நீளத்தையும் லென் போட்டுப் பாருங்கள். ஒன்று 6, மற்றது 7 என்று வரும். "பொ"வில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், தனித்தனியாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. யூனிகோட்டேட்டா என்ற மாட்யூலில் நார்மலைஸ் இருக்கிறது. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வகையைக் கொடுத்து எல்லாப் பெயர்களையும் அதன் வழியே விட்டபின் செட் போடுங்கள். ஓகார உயிர்மெய்க்கும் இதே மருந்து. ஆனால் "சௌந்தரி"யில் ஔகாரக் குறிக்குப் பதிலாக யாராவது கொம்பு போட்டு "ள" எழுத்தைத் தட்டியிருந்தால் நார்மலைஸ் காப்பாற்றாது, கண்ணால் பிடித்து மாற்ற வேண்டியதுதான். அப்புறம், வரிசைப்படுத்தும் சார்ட்டட் கட்டளை தரும் வரிசை அகராதி வரிசை அல்ல. யூனிகோடில் ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால் நிற்கின்றன.

ஒரே ஒரு முறை மட்டும் வந்த மதிப்புகள் வேண்டும். செட் அதைத் தரவில்லையே? (வெருலம்)

தராது. செட் தருவது மாறுபட்ட மதிப்புகளை. நீங்கள் கேட்பது துணையில்லாதவற்றை. கலெக்ஷன்ஸ் மாட்யூலில் உள்ள, எத்தனை முறை வந்தது என்று எண்ணும் கவுண்ட்டருக்குள் வேல்யூஸைப் போட்டு, எண்ணிக்கை 1 உள்ளவற்றை மட்டும் வடிகட்டுங்கள்.

சந்தா விவரத்தில் சிலருக்கு 1, சிலருக்கு ட்ரூ என்று இருக்கிறது. செட்டில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. (டர்பன்)

பைத்தானில் 1, 1.0, ட்ரூ மூன்றும் சமம், ஹேஷும் ஒன்றே. எது முதலில் வந்ததோ அது நிற்கும். பிரித்துக் காட்ட வேண்டுமானால் மதிப்போடு அதன் டைப்பையும் சேர்த்து டியூப்பிளாகப் போடுங்கள். சந்தா கட்டினாரா என்பதை ஓரிடத்திலும், எத்தனை ராண்ட் என்பதை வேறிடத்திலும் வைத்தால் இந்தச் சிக்கலே வராது.