தாழங்குடாவை இழுத்தால் தேவனாம்பட்டினம் வர வேண்டும்

கேள்வி: கடலூர் துறைமுகத்தில் மீன் வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதுகிறேன். தாழங்குடா, தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், ராசாப்பேட்டை, சித்திரைப்பேட்டை ஆகிய ஐந்து ஊர்களிலிருந்து வரும் சரக்கை நாள்வாரியாக எக்செலில் ஏற்ற வேண்டும். தினமும் இதே ஐந்து பெயர்களைத் தட்டித் தட்டி அலுத்துவிட்டது. ஆங்கிலத்தில் ஜனவரி என்று எழுதி இழுத்தால் பிப்ரவரி, மார்ச் என்று தானாக இறங்குகிறது. தாழங்குடா என்று எழுதி இழுத்தால் தாழங்குடாவேதான் இறங்குகிறது. என் பட்டியலும் அப்படி இறங்க வழி உண்டா? மீன் பெயர்களுக்கும் செய்யலாமா?
வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: ஜனவரிக்குப் பின் பிப்ரவரி என்பது எக்செலுக்குப் பிறவியிலேயே தெரியும். மாதங்களும் கிழமைகளும் அதற்குள் பட்டியலாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை நீங்கள் மாற்றவோ அழிக்கவோ முடியாது. தாழங்குடாவுக்குத் தெற்கே தேவனாம்பட்டினம் என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதும்.

முதலில் 'பெயர்கள்' என்று தனியாக ஒரு தாள் வைத்து, ஐந்து ஊர்களையும் வடக்கிலிருந்து தெற்காக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். அந்த ஐந்து செல்களையும் தேர்ந்தெடுத்த நிலையில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போங்கள். அந்தப் பக்கத்தில் வெகு தூரம் கீழே இறங்கினால் ஜெனரல் என்ற பகுதி வரும். அங்கே 'எடிட் கஸ்டம் லிஸ்ட்ஸ்' என்ற பொத்தானை ஏன் இப்படி ஒளித்துவைத்தார்களோ, தெரியவில்லை. அதை அழுத்தி, திறக்கும் பெட்டியில் 'இம்போர்ட்' கொடுத்தால் ஊர்கள் பட்டியலில் ஏறிவிடும். பெட்டிக்குள்ளேயே தட்டச்சு செய்வதைவிட இதுதான் நல்லது. பின்னால் ஒரு ஊர் கூடினால் திருத்துவதற்கு மூலப்பிரதி உங்கள் கையில் இருக்கும்.

இனி எந்தத் தாளிலும் ஒரு செல்லில் தாழங்குடா என்று எழுதி, செல்லின் வலது கீழ் மூலையிலுள்ள சிறு சதுரத்தைப் பிடித்து இழுங்கள். ஐந்து ஊர்களும் வரும்; சித்திரைப்பேட்டை முடிந்ததும் மீண்டும் தாழங்குடா தொடங்கும். சோனங்குப்பத்தில் தொடங்கினால் அடுத்தது ராசாப்பேட்டை. பக்கவாட்டில் இழுத்தாலும் நடக்கும். ஒரே ஊர்தான் திரும்பத் திரும்ப வேண்டும் என்றால் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி இழுங்கள்.

பெயர்கள் இறங்குவதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் பயன் வேறு. வழக்கமான அகரவரிசையில் அடுக்கினால் தென்கோடியிலுள்ள சித்திரைப்பேட்டை முதலில் வந்து நிற்கும். டேட்டா, சார்ட் (Sort) என்று போய், 'ஆர்டர்' என்ற இடத்தில் கஸ்டம் லிஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு கரையோர வரிசையிலேயே அடுக்கப்படும். பட்டியலில் இல்லாத பெயர்கள் கடைசிக்குப் போய்விடும், பிழையாகத் தட்டிய ஊர்ப் பெயர்களும் அங்கேதான் போய் ஒதுங்கும். பிழை பார்க்க இது ஒரு சுருக்குவழி.

தேதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் இடிக்கப்போவது அங்கேதான். ஒவ்வொரு தேதியும் ஐந்து வரிகளில் வர வேண்டும் அல்லவா? சும்மா இழுத்தால் வரிக்கு ஒரு நாள் நகர்ந்துவிடும். ஏ நிரலில் 2 முதல் 6 வரையிலான வரிகளில் முதல் நாளின் தேதியை ஐந்து முறை எழுதுங்கள். ஏழாவது வரியில் சமன் குறி போட்டு, ஏ2 செல்லைச் சொடுக்கி, +1 சேர்த்து என்டர் தட்டுங்கள். அந்த ஏழாவது வரியை மட்டும் பிடித்துக் கீழே இழுத்தால், ஒவ்வொரு செல்லும் தனக்கு ஐந்து வரி மேலே இருப்பதைப் பார்த்து ஒரு நாள் கூட்டிக்கொள்ளும். ஓர் ஆண்டுக்கு 1,825 வரிகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தைக் கழித்துவிடலாமே என்று தோன்றும். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகு மீன் ஏலத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். வரிகளை விட்டுவையுங்கள். எல்லாம் நிரம்பியதும் தேதி நிரலைக் காப்பி செய்து, அதே இடத்தில் 'பேஸ்ட் வேல்யூஸ்' கொடுத்துவிட வேண்டும். அதை மறந்து வரிசை மாற்றினால் தேதிகள் தாறுமாறாகிவிடும்.

கூட்டலை விட்டுவிட்டு, சமன் குறி போட்டு ஐந்து வரி மேலே இருக்கும் செல்லை மட்டும் சொடுக்கி இழுத்தால் ஊர்ப் பெயர்களும் சுழன்று வரும். கூகுள் ஷீட்ஸில் கஸ்டம் லிஸ்ட் வசதி கிடையாது. அங்கே இதுதான் கைகொடுக்கும்.

மீன் பெயர்களுக்கு இந்த வழி வேண்டாம். ஊர்களுக்கு ஒரு வரிசை உண்டு, மீனுக்கு ஏது? இன்று வஞ்சிரமும் சங்கராவும், நாளை வெறும் நெத்திலி. வரிசையாக வருவதை இழுத்து நிரப்பலாம், தேர்ந்தெடுக்க வேண்டியதற்குக் கீழிறங்கும் பட்டியல்தான் சரி. 'பெயர்கள்' தாளிலேயே வஞ்சிரம், சங்கரா, வவ்வால், கொடுவா, கிழங்கான், நெத்திலி என்று எழுதி, கன்ட்ரோல் டி (Ctrl+T) அழுத்தி அதை டேபிளாக மாற்றுங்கள். கணக்குத் தாளில் மீன் நிரலைத் தேர்ந்தெடுத்து, டேட்டா, டேட்டா வேலிடேஷன் என்று போய், 'அலவ்' என்பதில் 'லிஸ்ட்' வைத்து, 'சோர்ஸ்' கட்டத்தில் அந்தப் பெயர்களைக் காட்டுங்கள். புதிய மீனை டேபிளின் அடியில் எழுதினால் பட்டியலும் நீளும்.

படகு எண்களை இழுக்கும்போது மட்டும் கவனம். 'படகு 12' என்று எழுதி இழுத்தால் 13, 14, 15 என்று இறங்கிக்கொண்டே போகும், கடலில் இல்லாத படகெல்லாம் கணக்கில் மிதக்கும். அங்கேயும் கன்ட்ரோல் விசைதான் மருந்து.

எல்லாம் சரியாகச் செய்தும் சோனங்குப்பம் மட்டும் முரண்டு பிடிக்கிறதா? 'சோ' என்பதை இரண்டு விதமாகத் தட்டலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். சே எழுதித் துணைக்காலையும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, எக்செலுக்கு வேறு வேறு சொற்கள். கொடுவாவுக்கும் இதே வம்பு உண்டு. 'லென்' என்ற சூத்திரத்தால் அளந்து பாருங்கள்: சோனங்குப்பத்துக்கு 12 வர வேண்டும். 13 வந்தால் துணைக்கால் தனியாக ஒட்டியிருக்கிறது, அல்லது கடைசியில் ஓர் இடைவெளி தொங்குகிறது. எதுவாக இருந்தாலும் 'பெயர்கள்' தாளிலிருந்து காப்பி செய்து மேலே ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று. கீழிறங்கும் பட்டியல் கோப்போடு போகும். இழுத்து நிரப்பும் ஊர்ப் பட்டியல் நீங்கள் ஏற்றிய கணினியிலேயே தங்கிவிடும். புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் இதைச் செய்துகாட்டுகிறேன் என்று என் கோப்பை மட்டும் எடுத்துப் போய், எல்லோர் முன்னாலும் ஒரே பெயரை இருபது முறை இறக்கிக் காட்டியவன் நான். உங்கள் முதலாளியின் மடிக்கணினியிலும் வேண்டுமென்றால் கோப்பை அங்கே திறந்து, 'பெயர்கள்' தாளிலுள்ள ஐந்து ஊர்களையும் தேர்ந்தெடுத்து மறுபடி ஒருமுறை இம்போர்ட் கொடுங்கள்.