மருந்து அடித்துவிட்டு வந்த அப்பாவுக்கு மயக்கம்: உடனே செய்ய வேண்டியது

தம்பி, பருத்திக்கு மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தை அடித்த அப்பாவுக்குத் தலைசுற்றல், வியர்வை, கண் மங்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். மோர் கொடுத்துத் தூங்க வைத்திருப்பதாகவும் சொல்கிறீர்கள். இப்போதே எழுப்புங்கள், 108-க்கு அடியுங்கள். மோர் இந்த விஷத்தை முறிக்காது.

டேங்க் ஒழுகி முதுகு நனைந்தது என்றீர்களே, அதுதான் காரணமாக இருக்கும். குடித்தால்தான் விஷம் என்று பலர் நினைக்கிறார்கள். இது தோல் வழியாகவே உள்ளே போகும். வண்டி வருவதற்குள் சட்டை, வேட்டி, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுத் தலைமுடியோடு கழுவுங்கள். கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும்; இல்லையென்றால் பாலித்தீன் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளட்டும்.

நரம்பு தசைக்குச் சொல்லும் செய்தியைக் கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். வேலை முடிந்ததும் அதை உடைக்கும் நொதியை இந்த மருந்து முடக்கிவிடுகிறது. செய்தி நிற்காமல் ஓடும். அதனால்தான் வியர்வை, எச்சில், சதைத் துடிப்பு, மூச்சுத் திணறல். டார்ச் அடித்து அவர் கண்ணைப் பாருங்கள். கருவிழியின் நடுப்புள்ளி கடுகுபோலச் சுருங்கியிருந்தால் ரொம்ப அவசரம். சுருங்காவிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

மருத்துவமனையில் இதற்கு மாற்று மருந்தான அட்ரோபின் ஊசி போடுவார்கள். அடித்த பூச்சிமருந்து பாட்டிலை, சிவப்பு முக்கோணம் உள்ள லேபிளோடு, மூடி இறுக்கிக் கையோடு கொண்டுபோங்கள். என் சித்தப்பாவுக்கு இப்படி ஆனபோது பாட்டிலைத் தேடியே அரைமணி நேரம் போனது.

அப்புறம், வீட்டுக் கத்தரிக்கும் அதையே அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். காய்கறிக்கு அதை 2005-லேயே தடை செய்துவிட்டார்கள். அந்தக் காயைப் பறித்துச் சமைக்காதீர்கள்.