பேழையும் பேரேடும்

(பழம்பொருள்கள் குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடைகள்)

கேள்வி: எங்கள் பாட்டையா கட்டிய வீட்டைப் பங்கு பிரித்தபோது, இரண்டாம் கட்டில் இருந்த மரப்பெட்டியிலிருந்து ஒரு சாண் நீளமுள்ள வெள்ளிப் பேழை கிடைத்தது. காந்தியடிகள் செட்டிநாட்டுக்கு வந்தபோது அவர் கையிலிருந்து பாட்டையா வாங்கியது என்று அப்பத்தா சொல்லுவார்கள். காரைக்குடி வியாபாரி ஒருவர் வெள்ளி எடைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். அப்பத்தா சொன்னதை எப்படி உறுதி செய்வது? விற்கலாமா?
— வாசகி ஒருவர், தேவகோட்டை

பதில்: அப்பத்தா சொன்னது நடந்திருக்கக்கூடியதே. 1927 செப்டம்பரில் காந்தியடிகள் கதர் நிதி திரட்டுவதற்காகச் செட்டிநாட்டு ஊர்களில் சுற்றுப்பயணம் செய்தார். வரவேற்புப் பத்திரத்தை வைத்துக் கொடுக்கும் பேழைகளையும் பிற அன்பளிப்புகளையும் கூட்டத்திலேயே ஏலம் விட்டு, கிடைத்த தொகையை நிதியில் சேர்த்துவிடுவது அவர் வழக்கம். ஆகவே உங்கள் பேழை அவர் வைத்துப் புழங்கிய பொருளாக இராது. அவருக்கு அளிக்கப்பட்டு, சற்று நேரம் அவர் கையில் இருந்து, பாட்டையா ஏலத்தில் எடுத்ததாக இருக்கலாம். யாரிடம் சொன்னாலும் இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்லுங்கள். ‘காந்தியின் பேழை’ என்பதைக் காட்டிலும் ‘காந்திக்கு அளித்து அவரே ஏலம் விட்ட பேழை’ என்பது நம்பத்தக்கதாகவும் இருக்கிறது, நம் ஊர்க் கதையைக் கூடுதலாகவும் சொல்லுகிறது.

பேழையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் வீட்டுக் கணக்குப் புத்தகங்களைத் தேடுங்கள். தண்ணீர்ச் செம்புக்குக்கூட விலாசம் (குடும்பப் பெயரெழுத்து) வெட்டி வைத்த, செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் வீட்டில், ஏலத்துக்குக் கொடுத்த பணம் எழுதப்படாமல் போயிருக்காது. 1927 என்பது பிரபவ ஆண்டு. அந்த ஆண்டுப் பேரேட்டில் ஆவணி, புரட்டாசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ‘கதர் நிதி’ என்றோ ‘காந்தி’ என்றோ ஒரு பற்று (பணம் கொடுத்த பதிவு) இருந்து, அது வெள்ளியின் அன்றைய விலையைவிடக் கூடுதலான தொகையாகவும் இருந்துவிட்டால், அந்த ஒரு வரி எந்த நிபுணர் தரும் சான்றிதழையும்விட வலுவானது. பங்கு பிரிக்கும் வீடுகளில் பாத்திரம் பண்டங்களுக்குப் போட்டி நடக்கும்போது, பேரேடுகள்தாம் முதலில் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் தலைவர் ஒருவர் அமர்ந்ததாகச் சொல்லப்பட்ட சாய்வு நாற்காலியைப் பார்க்க ஒரு வீட்டுக்குப் போனேன். கணக்குப் புத்தகங்களை அதற்கு முந்திய நாள்தான் எடைக்குப் போட்டிருந்தார்கள். நாற்காலி இருந்தது; அது யார் அமர்ந்த நாற்காலி என்பதைச் சொல்லக்கூடியது போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேரேட்டில் நாள் தெரிந்தபின், அன்று காந்தியடிகள் எந்த ஊரில் இருந்தார் என்பதைக் காலவரிசையில் அமைந்த அவருடைய எழுத்துத் தொகுதிகளில் பார்க்கலாம். 1920-களில் காரைக்குடியிலிருந்து வந்த ‘குமரன்’, ‘ஊழியன்’ போன்ற பழைய இதழ்களைத் தேடுவோருக்குச் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நல்ல தொடக்கம். அந்த நூலகத்துக்கு அடிப்படையே, கோட்டையூரில் ஒரு தனி மனிதர் பிறர் கழித்துப்போட்ட தாள்களைத் தேடித் தேடிச் சேர்த்ததுதான்.

இனிப் பேழையைப் பார்ப்போம். பளபளக்க வேண்டும் என்று புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். வெட்டெழுத்தின் பள்ளங்களில் படிந்த கருமை அதன் வயதுக்குச் சாட்சி; அண்மையில் வெட்டிய எழுத்து ஓரம் கூர்மையாகவும் உள்ளே வெளுப்பாகவும் தெரியும். தமிழில் வெட்டியிருந்தால் ‘லை’, ‘னை’, ‘றா’ ஆகிய எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். இன்று நாம் எழுதும் வடிவங்கள் 1978-இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்குப் பிறகு பரவியவை. அதற்கு முன் ‘லை’க்கும் ‘னை’க்கும் மேலே துதிக்கைபோல் வளைந்த கொம்பு இருக்கும். 1927 என்று பொறித்த பொருளில் இன்றைய ‘லை’யைக் கண்டால் ஐயப்படுவதே சரி. உள்ளே தாள் இருந்தால் புற ஊதா விளக்கின் கீழ் காட்டுங்கள். தாளை வெண்மையாக்கும் ஒளிர் வேதிப்பொருள்கள் ஏறத்தாழ 1950-க்குப் பிறகே காகிதத்தில் சேர்க்கப்பட்டன என்பதால், பளிச்சென்று நீலமாக ஒளிர்கிற தாள் அந்தக் காலத்தது ஆகாது.

எடைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 2020-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், 15,000 பவுண்டு என்று மதிப்பிடப்பட்ட காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடி 2,60,000 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. உங்கள் பேழைக்கும் அப்படி விலை வரும் என்று நான் சொல்லவில்லை. பொருளோடு சேர்ந்து வரும் வரலாற்றுக்கே விலை என்கிறேன். விற்பதானால் பங்காளிகள் எல்லோரிடமும் எழுத்தில் இசைவு பெற்று, பேரேட்டையும் பேழையோடு சேர்த்தே கொடுங்கள். என்னைக் கேட்டால், இரண்டையும் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதையே விரும்புவேன்.

கேள்வி: வீட்டிலுள்ள பழைய தஞ்சாவூர் ஓவியத்தையும், எங்கள் ஐயாவுக்குத் தேசியத் தலைவர் ஒருவர் 1930-களில் எழுதிய கடிதத்தையும் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பலாமா?
— வாசகர் ஒருவர், காரைக்குடி

பதில்: அனுப்பாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி நூறு ஆண்டு கடந்த ஓவியமும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படியும் ஆவணமும் தொல்பொருள்கள். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அண்ணனுக்கு அன்பளிப்பாக அனுப்பினாலும் அப்படித்தான். ஓவியம் நூறு ஆண்டு கடந்ததானால் பதிவு அலுவலரிடம் படத்தோடு பதிவும் செய்ய வேண்டும். வயதில் ஐயம் இருந்தால் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அன்று என்ற சான்று கிடைத்தால் மட்டும் அனுப்பலாம். உள்ளூரில் விற்பதானாலும், வாங்கும் வியாபாரியிடம் இச்சட்டப்படியான உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பாரதியார் 1919-இல் காரைக்குடியில் எடுத்துக்கொண்ட படத்தில் கையில் பிடித்திருக்கும் தடி இதுதான் என்று ஒரு கடையில் காட்டினார்கள். படத்தோடு ஒத்துப்போகிறது. வாங்கலாமா?
— வாசகர் ஒருவர், கோட்டையூர்

பதில்: பாரதியாரிடம் ஒரு தடி இருந்தது என்பதற்குத்தான் படம் சாட்சி, கடையில் இருப்பது அந்தத் தடியே என்பதற்கு அது சாட்சி ஆகாது. அந்தப் படம் எல்லோரும் பார்த்தது. அதைப் பார்த்து ஒரு தடியைத் தேர்ந்தெடுப்பது எவருக்கும் எளிது. 1919-இலிருந்து இன்றுவரை யார் யார் வீட்டில், யார் வழியாக இருந்தது என்று கேளுங்கள். பெயரும் ஊரும் சொல்லி, நீங்கள் நேரில் போய்க் கேட்டறியவும் வழி காட்டினால் மேற்கொண்டு பேசலாம். அதற்குமுன் முன்பணம் கொடுக்க வேண்டாம்.